சர்வீஸுக்கு விட்ட காரை ஒர்க்‌ஷாப் தன் இஷ்டத்துக்கு ஓட்டினால்: முழுமையான வழிகாட்டி

சர்வீஸுக்கு விட்ட கார் கைக்கு வருகிறது. ஓடோமீட்டரில் 90 கிலோமீட்டர் கூடியிருக்கிறது. பாதி டேங்க் இருந்த பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கேட்டால், "டெஸ்ட் டிரைவ் எடுத்தோம்" என்று ஒற்றை வரியில் பதில். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பில்லைக் கட்டிவிட்டு வருகிறார்கள், அல்லது கவுன்ட்டரில் சத்தம் போட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டிலும் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

நம்பி ஒப்படைத்த பொருளை இன்னொருவர் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்துவது சின்ன விஷயம் அல்ல. அந்த நேரத்தில் ஒரு விபத்து நடந்திருந்தால் முதலில் தேடப்படுவது உங்கள் பெயரிலுள்ள பதிவு எண்தான். அதனால் கேட்க வேண்டும், ஆனால் கோபத்தோடு அல்ல, எண்களோடு கேட்க வேண்டும். அந்த எண்களைச் சேர்ப்பதில் தொடங்கி, ஒர்க்‌ஷாப் அசையவில்லை என்றால் எங்கே போவது என்பது வரை வரிசையாகச் சொல்கிறேன். கார் ஏற்கெனவே திரும்பி வந்து இப்போதுதான் சந்தேகம் தட்டுகிறது என்றால் நேராகப் படி 3-க்குப் போங்கள். சில தடயங்கள் காத்திருக்காது.

முதலில் ஒரு அடிப்படை

சாவியைக் கொடுக்கும்போது நீங்கள் காரைக் கொடுத்துவிடவில்லை. ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, அந்த வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டும், காரைத் தொடவும் ஓட்டவும் அனுமதி கொடுக்கிறீர்கள். சட்டம் இதை ஒப்படைப்பு என்ற உறவாகப் பார்க்கிறது. பொருளை வாங்கி வைத்திருப்பவர் அதை நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும், சொன்ன நோக்கத்தைத் தாண்டிப் பயன்படுத்தக் கூடாது. இது மிகப் பழைய விதி. ரோமானியச் சட்டத்தில், ஓரிடத்துக்கு ஓட்டிப்போக இரவல் வாங்கிய குதிரையை அதையும் தாண்டி ஓட்டிப்போவது திருட்டாகவே கருதப்பட்டது. குதிரையின் சொந்தக்காரர் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பார் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. இன்றைக்கும் ஒர்க்‌ஷாப்கள் முதலில் சொல்லும் சமாதானம் கிட்டத்தட்ட அதுதான்: "நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்கன்னு நினைச்சோம்." அந்த வாசலை முன்கூட்டியே எழுத்தில் அடைத்துவிட முடியும். எப்படி என்று படி 1-இல் வருகிறது.

இன்னொரு சமாதானமும் அடிக்கடி வரும். "அது அந்தப் பையன் செஞ்ச வேலை, எங்களுக்குத் தெரியாது." இது எடுபடாது. சுத்தம் செய்யக் கொடுத்த ஒரு விலையுயர்ந்த ரோம மேலாடையை, அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பில் இருந்த ஊழியரே திருடிவிட்ட வழக்கு 1960-களில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. எந்த ஊழியரிடம் அந்தப் பொருளின் பொறுப்பை ஒப்படைத்தார்களோ அவரே அதை எடுத்திருந்தால் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இன்னொரு வசதியும் உண்டு. ஒப்படைத்த பொருள் சேதமாகித் திரும்பினால், தன் கவனக்குறைவால் அது நடக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு பொதுவாக வாங்கி வைத்திருந்தவர் மேல் விழுகிறது. நீங்கள் காட்ட வேண்டியது, கொடுக்கும்போது எப்படி இருந்தது, வாங்கும்போது எப்படி இருக்கிறது என்ற இரண்டும்தான். மீதி முழுதும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

படி 1: சாவியைக் கொடுக்கும் முன்

பத்து நிமிட வேலை. ஆனால் பின்னால் வரும் எல்லாப் படிகளையும்விட இதுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இன்ஜினை ஓடவிட்டு டேஷ்போர்டை ஒரு போட்டோ எடுங்கள். ஓடோமீட்டர், பெட்ரோல் முள், எரியும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அடுத்து, காரை ஒரு சுற்று சுற்றி நிறுத்தாமல் ஒரு வீடியோ. ஒர்க்‌ஷாப்பின் பெயர்ப்பலகையில் தொடங்கினால் இடம் தானாகவே பதிவாகிவிடும். நான்கு மூலைகள், பம்பரின் அடிப்பகுதி, சக்கர ரிம்கள், முன்கண்ணாடி ஆகியவற்றில் கொஞ்சம் நின்று எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் மறைக்காமல் எடுங்கள். பழைய கீறலை நீங்களே காட்டியிருந்தால், புதிய கீறலைப் பற்றி நீங்கள் சொல்வதற்கு மதிப்பு கூடும்.

உதிரிப்பாகம் மாற்றப்படுவதும் தவறான பயன்பாட்டில் ஒரு வகைதான். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2322 என்று இருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயரிலும் ஸ்டெப்னியிலும் இந்த எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும். பேட்டரியின் மேலுள்ள தொடர் எண்ணையும் எடுங்கள். வெளியில் தெரியும் எண் இருக்கும் பாகத்தை மாற்றிவிட்டு மழுப்ப முடியாது.

பிறகு ஜாப் கார்டு, அதாவது காரை வாங்கும்போது செய்ய வேண்டிய வேலையை அவர்கள் எழுதும் சீட்டு. கையெழுத்துப் போடும் முன் அதன் அச்சிட்ட நிபந்தனைகளைப் படியுங்கள். சோதனைக்காக ஓட்டிப்பார்க்க அனுமதி என்ற வரி அதில் பெரும்பாலும் இருக்கும், அது நியாயமானதுதான். அதன் கீழே, உங்கள் கையால் இரண்டே வரி சேருங்கள்:

"செய்யப்படும் வேலையைச் சோதிக்க மட்டுமே ஓட்டலாம். 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தால் முன்கூட்டியே என்னிடம் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும்."

10 என்பது ஒரு உதாரணம். வேலையைப் பொறுத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓடோமீட்டர் ரீடிங்கையும் பெட்ரோல் அளவையும் அவர்களே ஜாப் கார்டில் எழுத வேண்டும். "சுமார்" என்று எழுதினால் சரியான எண்ணைப் போடச் சொல்லுங்கள். ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நகல் தர மறுத்தால் ஜாப் கார்டையே போட்டோ எடுங்கள். எழுதக்கூடாது என்று தடுத்தால், அங்கேயே நின்று அதே இரண்டு வரியைச் சர்வீஸ் அட்வைசருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நேரத்தோடு அனுப்பியது பதிவாகிவிட்டது. "நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்கன்னு நினைச்சோம்" என்ற வாசல் அதோடு அடைபட்டது.

சாவிக்கொத்தில் கார் சாவி மட்டும் இருக்கட்டும், வீட்டுச் சாவியைக் கழற்றிவிடுங்கள். நேவிகேஷனில் வீட்டு முகவரி இருந்தால் அழித்துவிடுங்கள். தானியங்கிச் சுங்கக் கட்டண அட்டை கண்ணாடியிலிருந்து எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஒட்டப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள், கார் எந்தச் சாவடியைத் தாண்டினாலும் அது சொல்லிவிடும்.

சாவியை அடுத்தவரிடம் கொடுக்கும்போது போடுவதற்காகச் சில கார்களில் வேலே மோட் என்ற வசதி உண்டு. டேஷ்போர்டு அறையையும் டிக்கியையும் பூட்டும், சிலவற்றில் வேகத்தையும் கட்டுப்படுத்தும். இருந்தால் போடுங்கள். ஆனால் வேலைக்குத் தடையாக இருக்கும் என்று ஒர்க்‌ஷாப் காரணத்தோடு சொன்னால் பிடிவாதம் வேண்டாம்.

டேஷ்கேம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சைப் பதிவு செய்வது சில நாடுகளில் குற்றமாகலாம். செவர்லே கார்வெட் காரின் 2015 மாடலில், வேலே மோடில் போட்டால் உள்ளே நடப்பதைப் படமும் ஒலியுமாகப் பதிவு செய்யும் வசதி வந்தது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அடுத்தவர் சம்மதம் இல்லாத ஒலிப்பதிவு சட்டத்துக்கு முரணாகலாம் என்று நிறுவனமே பிறகு எச்சரிக்க வேண்டியதாயிற்று. எனவே மைக்கை அணைத்துவிட்டு வெளிப்புறப் படத்தை மட்டும் ஓடவிடுங்கள். ஜாப் கார்டிலும் "டேஷ்கேம் இயங்குகிறது" என்று எழுதுங்கள். இது மறைந்திருந்து பிடிக்கும் வேலை அல்ல. கேமரா ஓடுகிறது என்று தெரிந்தாலே யாரும் காரை வெளியே எடுக்க யோசிப்பார்கள், நமக்கு வேண்டியதும் அதுதான்.

படி 2: காரை வாங்கும்போது

இருட்டிய பிறகு, மழையில், அல்லது கழுவி ஈரம் சொட்டும் நிலையில் காரை வாங்காதீர்கள். ஈரமான பெயின்ட்டில் மெல்லிய கீறல் தெரியாது. காய்ந்ததும்தான் வெளியே வரும். முடிந்தால் ஜாப் கார்டிலேயே "கழுவ வேண்டாம்" என்று எழுதிவிடுவது நல்லது. சக்கர வளைவுக்குள் அப்பிய சேறு, நம்பர் பிளேட்டில் ஒட்டிய பூச்சிகள், தரைவிரிப்பில் மணல் எல்லாம் கார் எங்கெல்லாம் போனது என்று சொல்லக்கூடியவை. கழுவினால் அவையும் போய்விடும்.

முதலில் ஓடோமீட்டர். டிரிப் மீட்டரை நம்பாதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே சில கார்களில் அது பூஜ்யமாகிவிடும். ஓடோமீட்டர் அப்படி ஆகாது. கொடுக்கும்போது 42,318, வாங்கும்போது 42,407 என்றால் வித்தியாசம் 89. இதை அங்கேயே போட்டோ எடுங்கள், இடத்தை விட்டு நகரும் முன்.

அப்புறம் ஒரு சின்ன இடம், பலருக்குத் தோன்றாதது. மியூசிக் சிஸ்டத்தின் புளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு போன் புதிதாக இணைக்கப்பட்டிருந்தால் அதன் பெயர் அங்கே இருக்கும், பல நேரம் ஆளின் பெயரோடு. ஸ்பீக்கர் பழுது பார்க்கக் கொடுத்திருந்தால் அதில் வியப்பில்லை. பிரேக் பேட் மாற்றக் கொடுத்த காரில் யாருடைய போனும் பாட்டுக்காக இணைந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நேவிகேஷனில் சமீபத்திய இடங்களையும் பாருங்கள். கதவுப் பைகளில் பார்க்கிங் சீட்டோ பெட்ரோல் ரசீதோ கிடந்தால் எடுத்துப் படம் பிடியுங்கள். சீட்டும் கண்ணாடியும் நகர்த்தப்பட்டிருப்பது எதற்கும் ஆதாரம் ஆகாது. காரை உள்ளே நகர்த்த மெக்கானிக் உட்காரத்தான் வேண்டும்.

"வாகனத்தைத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியின் கீழ் இவற்றையெல்லாம் பார்த்த பிறகே கையெழுத்து. அவசரப்படுத்தினால், கையெழுத்துக்கு மேலே "ரீடிங்கில் 89 கிலோமீட்டர் கூடுதல், விளக்கம் கேட்கப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

படி 3: கேட்கும் முன், நியாயமான காரணம் உண்டா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடாதீர்கள். நேர்மையான ஒர்க்‌ஷாப்பின் மேல் பழி போட்டால் நல்ல மெக்கானிக்கை இழப்பது நீங்கள்தான்.

பில்லில் இருக்கும் வேலையைப் பாருங்கள். வைப்பர் பிளேடு மாற்ற ஒரு மீட்டர்கூட ஓட்ட வேண்டியதில்லை. ஆயில் மாற்றினால் ஒரு சுற்று போதும். புதிய பிரேக் பேட் போட்டால் டிஸ்க்கோடு படிய வைக்க, வேகமெடுத்துப் பலமுறை மெல்ல நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்குச் சில கிலோமீட்டர் ஆகலாம். எப்போதாவது மட்டும் வரும் சத்தத்தைப் பிடிக்க அதைவிடக் கூடுதலாக ஓட்ட வேண்டியிருக்கும்.

நிஜமாகவே நிறைய ஓட வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. இன்ஜின் கோடுகளை (காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடுகளை) அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ, காரின் கம்ப்யூட்டர் புகைக்கட்டுப்பாட்டு அமைப்புகளை மறுபடி முதலிலிருந்து தானாகச் சோதித்து முடிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட், ஒரே சீரான வேகத்தில் ஓட்டம், இடையில் நின்று போவது என்று பலவகை ஓட்டம் இதற்குத் தேவை. எல்லாச் சோதனையும் முடிய பல பத்துக் கிலோமீட்டர் ஆவது சாதாரணம். டீசல் காரின் புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓட்டச் சொல்வார்கள். முன்கண்ணாடியை மாற்றினால், அதன் பின்னாலிருக்கும் கேமராவைச் சாலையில் ஓட்டித்தான் சில மாடல்களில் சரிப்படுத்த முடியும்.

இவை எதுவும் பில்லில் இல்லாமல் 89 கிலோமீட்டர் கூடியிருந்தால் விளக்கம் வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வழியில் என்று அவர்களால் சொல்ல முடிய வேண்டும். பெட்ரோலையும் இதே கண்ணால் பாருங்கள். 89 கிலோமீட்டருக்கு உங்கள் கார் வழக்கமாகக் குடிக்கும் அளவு எவ்வளவு? அதைவிட மிகக் கூடுதலாகக் குறைந்திருந்தால், காரை நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடவிட்டிருக்கலாம், விரட்டி ஓட்டியிருக்கலாம், அல்லது பெட்ரோல் வடிக்கப்பட்டிருக்கலாம். டேங்கில் உள்ள பம்ப்பை மாற்றியிருந்தால் பெட்ரோலை வெளியே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படி 4: ஆதாரத்தை அழியவிடாதீர்கள்

டேஷ்கேம் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வருவதற்குள்கூடச் சில பதிவுகள் போய்விடலாம். எனவே வண்டியை எடுக்கும் முன்பே மெமரி கார்டைக் கழற்றுங்கள், வீட்டில் நகல் எடுத்து மூலக் கார்டைத் தனியே வையுங்கள். ஒர்க்‌ஷாப்பின் சிசிடிவியும் இப்படித்தான். சில நாள்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும். குறிப்பிட்ட தேதிகளின் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி அன்றே எழுத்தில் கேளுங்கள்.

இணைய வசதியுள்ள காரானால் அதன் செயலியில் பயண வரலாறும் இருப்பிடமும் இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சுங்கக் கணக்கின் அறிக்கை, அந்த நாள்களில் பதிவான வேக அபராதம் இரண்டிலும் நேரமும் இடமும் சேர்ந்தே இருக்கும். கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததாக ஜாப் கார்டு சொல்லும் நேரத்தில் சுங்கச் சாவடியைத் தாண்டியதாக ஒரு வரி இருந்துவிட்டால் அதற்குமேல் வாதமே தேவையில்லை.

காரின் கம்ப்யூட்டருக்குள்ளும் தகவல் உண்டு. அதைப் படிக்க ஸ்கேனரை மாட்டும் இடம், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட், அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. இன்று உலகெங்கும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. அதில் ஸ்கேனரை மாட்டினால், கோடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பல கார்கள் சொல்லும். நீங்கள் கோடு அழிக்கும் வேலை எதுவும் கொடுக்காமல், கார் திரும்பிய பிறகு நீங்கள் ஓட்டிய தூரம் போக அந்த எண் 60 என்று காட்டினால், கார் அவர்கள் கையில் இருந்தபோது யாரோ அழித்துவிட்டு 60 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள். சில கார்கள் இன்னும் ஆழமாகப் பதிவு செய்யும். போர்ஷே கார்களில் இன்ஜின் எல்லை மீறிச் சுழன்றால் எந்த அளவுக்கு மீறியது, இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணிநேரத்தில் மீறியது என்பது பதிவாகிவிடும். இன்ஜின் எல்லை மீறி விரட்டப்பட்டது உங்கள் கையிலா ஒர்க்‌ஷாப்பிலா என்று அந்த மணிநேரக் கணக்கை வைத்தே பிரித்துவிடலாம். இந்தத் தகவலை வேறொரு ஒர்க்‌ஷாப்பில் எடுத்து அச்சிட்டு வாங்குங்கள். சந்தேகத்துக்குரிய ஒர்க்‌ஷாப்பிடமே திரும்பக் கொண்டுபோய் "ஸ்கேன் பண்ணிப் பாருங்க" என்று விடாதீர்கள்.

விபத்துப் பதிவுக் கருவியை நம்பி உட்காராதீர்கள். பலமாக மோதினால், அல்லது ஏர்பேக் விரிந்தால் மட்டுமே அது முந்தைய சில விநாடிகளைச் சேமிக்கும். ஊர் சுற்றியதை அது சொல்லாது.

சேதம் இருந்தால் காரை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, தொடர்பில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பிலோ சுயேச்சையான மதிப்பீட்டாளரிடமோ எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கிளட்ச் கருகிய வாடை, டயர் ஓரம் தேய்ந்திருப்பது, பம்பரின் அடியில் உரசல் போன்றவற்றை நீங்கள் சொல்வதைவிட ஒரு மெக்கானிக் எழுதிக் கொடுத்தால் எடை அதிகம்.

படி 5: முதல் பேச்சு

சர்வீஸ் அட்வைசரிடம் அல்ல, மேனேஜரிடம் அல்லது முதலாளியிடம் பேசுங்கள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். முதல் வாக்கியம் குற்றச்சாட்டாக இருக்கக் கூடாது. "ஜாப் கார்டில் 42,318 என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது 42,407. இந்த 89 கிலோமீட்டர் எப்போது, எதற்காக, யார் ஓட்டியது என்று பார்த்துச் சொல்லுங்கள்." இவ்வளவுதான். பிறகு அமைதியாக இருங்கள்.

கையிலிருக்கும் எல்லா ஆதாரத்தையும் அப்போதே காட்டிவிடாதீர்கள். முதலில் அவர்கள் விளக்கம் முழுதாக வரட்டும். "பக்கத்துத் தெருவில் மூன்று முறை சோதித்தோம்" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் சுங்க ரசீதுக்கு முழு மதிப்பு. டெஸ்ட் டிரைவ் பதிவேடும் கேட் பாஸும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் ஒர்க்‌ஷாப்பில் கார் எத்தனை மணிக்கு வெளியே போனது, யார் எடுத்தது என்று ஏதாவது ஒரு ஏட்டில் இருக்கும். அந்த ஏட்டைக் கேட்கும்போது வரும் முகமாற்றமே பல நேரங்களில் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நல்ல முதலாளிகள் இந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டுப் பில்லைக் குறைப்பார்கள். அது நியாயமாக இருந்தால், சேதமும் இல்லை என்றால், ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பில்லைக் கட்டாமல் காரை எடுத்துப்போவேன் என்று நிற்காதீர்கள். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை காரைப் பிடித்து வைக்கும் உரிமை பல நாடுகளில் ஒர்க்‌ஷாப்புக்கு உண்டு. கட்டிவிடுங்கள், ஆனால் பில்லிலேயே "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், கூடுதல் ஓட்டம் குறித்த என் கோரிக்கையைக் கைவிடவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். முடிந்தவரை கார்டில் கட்டுங்கள். ரொக்கத்துக்கு இல்லாத ஒரு வசதி அதில் உண்டு, வங்கியிடம் தகராறு எழுப்பலாம்.

படி 6: எழுத்தில் புகார்

வாய்ப்பேச்சில் தீரவில்லை என்றால் அன்றோ மறுநாளோ கடிதம். நீளம் வேண்டாம், அடைமொழியும் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"மேலாளர் அவர்களுக்கு,
என் காரை (பதிவு எண்) பிரேக் பேட் மாற்றுவதற்காக இந்தத் தேதியில் உங்களிடம் ஒப்படைத்தேன். ஜாப் கார்டு எண் இது. ஒப்படைத்தபோது ரீடிங் 42,318, திரும்பப் பெற்றபோது 42,407. இரண்டு ரீடிங்குகளின் போட்டோவையும் இணைத்துள்ளேன். 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட என் சம்மதம் தேவை என்று ஜாப் கார்டில் குறிப்பிட்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.
கூடுதல் ஓட்டத்துக்கான காரணம், ஓட்டியவர், நாள், நேரம் ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்கவும். அந்த நாள்களின் டெஸ்ட் டிரைவ் பதிவேட்டையும் சிசிடிவி பதிவையும் பாதுகாத்து வைக்கவும். இணைப்பில் கண்ட தொகையை 14 நாள்களுக்குள் ஈடு செய்யவும். தவறினால் உரிய அமைப்புகளிடம் முறையிடுவேன்."

பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப் என்றால் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு நகல். அங்கீகாரத்தை இழக்கும் பயம் நிஜமானது. பல புகார்கள் இந்த நகலிலேயே தீர்ந்துவிடுகின்றன.

எவ்வளவு கேட்பது

இங்கே நேர்மையாக இருங்கள். ஊதிப் பெருக்கிய தொகை உங்கள் மற்ற எண்களின் நம்பகத்தையும் கெடுத்துவிடும். கேட்கக்கூடியவை: குறைந்த பெட்ரோலின் விலை, நியாயமான டெஸ்ட் டிரைவைக் கழித்தபின் மீதமுள்ள தூரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற தேய்மானம், சேதத்தைச் சரிசெய்ய வேறு இரண்டு ஒர்க்‌ஷாப்கள் எழுதிக் கொடுத்த மதிப்பீடு, அந்தச் சரிசெய்யும் நாள்களில் மாற்று வாகனத்துக்கான செலவு, அபராதமும் சுங்கமும் இருந்தால் அவையும். தேய்மான வீதத்துக்கு உங்கள் நாட்டின் வரித்துறையோ வாகனச் சங்கமோ வெளியிடும் கிலோமீட்டர் வீதம் இருந்தால் அதையே வையுங்கள். வாடகைக் கார் கட்டணத்தைவிட அதை மறுப்பது கடினம்.

படி 7: அசையவில்லை என்றால்

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சேதம் இருந்தால், தாமதமாகச் சொன்னதையே காரணமாக்கி அவர்கள் கைகழுவலாம். கார் ஒர்க்‌ஷாப்பின் பொறுப்பில் இருக்கும்போது உங்கள் பாலிசி பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் வாகனங்களுக்காக ஒர்க்‌ஷாப் எடுத்திருக்கும் காப்பீட்டின் விவரத்தையும் ஒர்க்‌ஷாப்பிடம் கேளுங்கள். உண்மையில் பணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

அபராதச் சீட்டு உங்கள் பெயருக்கு வந்திருந்தால் கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். கட்டுவதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஓட்டியவர் யார் என்று தெரிவிக்கும் வழி அந்தச் சீட்டிலேயே சொல்லப்பட்டிருந்தால், ஜாப் கார்டின் நகலோடு, கெடு முடியும் முன் பதில் எழுதுங்கள்.

நுகர்வோர் குறைகளை விசாரிக்கும் அமைப்பு அல்லது சிறுதொகை நீதிமன்றம் அடுத்த வழி. பல இடங்களில் வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். காலவரிசைப்படி ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரத்தின் எண்ணைப் போட்டுக் கொண்டுபோங்கள். விசாரிப்பவருக்கு அந்த ஒரு பக்கமே போதுமானதாக இருக்கும்.

போலீஸ் புகார் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 89 கிலோமீட்டருக்குப் போனால், "இது சிவில் விஷயம்" என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். ஆனால் காரை மூன்றாம் ஆளுக்குக் கொடுத்திருந்தால், வாடகைக்கு விட்டிருந்தால், விபத்து நடந்து மறைத்திருந்தால், பாகங்கள் மாறியிருந்தால் தயங்காமல் போங்கள். உரிமையாளர் சம்மதமின்றி வாகனத்தை ஓட்டுவது பல நாடுகளில் தனிக் குற்றம். மறைக்கப்பட்ட விபத்தில் யாராவது காயப்பட்டிருக்கக்கூடும், அதனால் அங்கே சமரசத்துக்கே இடமில்லை. எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாயடைத்துக்கொள்ள வேண்டாம்.

இணையத்தில் எழுதுவது கடைசியில் இருக்கட்டும். தேதி, ரீடிங், அவர்கள் தந்த பதில் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். "திருடர்கள்" என்ற ஒரு சொல் சேர்ந்தாலே அவதூறு என்று அவர்கள் உங்கள் மேல் திரும்ப இடம் கிடைக்கும். ஊழியரின் பெயரோ படமோ வேண்டாம்.

படி 8: சமரசம் வந்தால்

பணம் கொடுக்கும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். "இந்த வாகனம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் முடிவுக்கு வந்தன" என்று இருக்கும். அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். விரட்டி ஓட்டிய காரில் கிளட்ச், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் சேதம் உடனே தெரியாது. "இன்று வரை கண்டறியப்பட்ட, கீழே பட்டியலிட்ட சேதங்களுக்கு மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். மறைந்திருக்கும் இயந்திரச் சேதத்துக்கு மூன்று மாதமோ ஆறு மாதமோ ஒரு காலவரம்பு சேர்க்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கையெழுத்துக்கு முன் சுயேச்சையான முழுப் பரிசோதனை ஒன்றை அவர்கள் செலவில் கேளுங்கள்.

தொகைக்குப் பதிலாக "அடுத்த இரண்டு சர்வீஸ் இலவசம்" என்று சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காரை அதே ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இரண்டு முறை விட வேண்டியிருக்கும்.

பணம் கணக்கில் ஏறிய பிறகு, ஜாப் கார்டு, கடிதங்கள், சமரசத் தாள், ரீடிங் போட்டோக்கள் எல்லாவற்றையும் காரின் சர்வீஸ் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள். அந்தக் காலவரம்பு முடியும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால், வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கி அடிப்பக்கம் முழுதும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.